ஸ்டிக்கர் போகட்டும், பெயிண்ட் இருக்கட்டும்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலர் என்றாலே கவிதை, ஜோக், பொன்மொழி என்றுதான் பலரும் எழுதுவார்கள். நான் பசையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். காரில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்ப்பதற்கு ஒரு பாடமா, நகத்தால சுரண்டினா போச்சு என்று கேட்பவர்கள் நம் வகுப்பிலேயே பாதிப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி ஏது? கட்சிக் கொடி, சாமி படம், குழந்தை பெயர், டிராவல்ஸ் விளம்பரம், செகண்ட் ஹாண்ட் வண்டியில் பழைய ஓனரின் கம்பெனி பெயர் என்று எல்லாம் இருக்கும். சென்னைப் போக்குவரத்துப் போலீசார், வாகனங்களில் அனுமதியில்லாத ஸ்டிக்கர் இருந்தால் 2024 மே மாதம் முதல் அபராதம் என்று அறிவித்தபோது ஒரே வாரத்தில் எத்தனை பேர் பிளேடும் கையுமாக வண்டி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். ஸ்டிக்கர் போயிருக்கும். அதோடு பெயிண்டும் போயிருக்கும்.

பெயிண்டின் தடிமன் என்ன?

முதலில் நாம் எதன்மேல் கை வைக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் பாடியில் இரும்புத் தகட்டின்மேல் முதலில் பாஸ்பேட் பூச்சு, அதன்மேல் மின்சாரம் மூலம் படியவைக்கும் ஈ-கோட், பிறகு பிரைமர் சர்ஃபேசர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான்தான். அதாவது நாம் எழுதும் நோட்டுப் புத்தகத்தின் ஒரே ஒரு தாள் அளவு!

இதில் மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. பளபளப்பைத் தருவது அதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். அதில் சில மைக்ரானைத் தேய்த்து எடுத்துவிட்டாலே ஆயுள் குறைந்துவிடும். இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த இடம் மட்டும் வெளுத்து, தோல் உரிந்தாற்போல ஆகும். போன கிளியர் கோட்டை பாலிஷ் போட்டுத் திரும்பக் கொண்டுவர முடியாது. பாலிஷ் என்பதே இன்னும் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதானே!

ஆகவே நம் வேலைக்கு ஒரே இலக்கணம்: பசையை இளக வைத்து எடுக்க வேண்டும், சுரண்டி எடுக்கக் கூடாது.

பசைக்கும் கார் பெயிண்டுக்கும் பழைய பகை

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. 1920களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்கள் ஃபேஷனாக இருந்தன. ஒரு நிறம் அடித்த பிறகு அதன்மேல் தாளை ஒட்டி மறைத்துவிட்டு அடுத்த நிறம் அடிப்பார்கள். தாளைப் பிரிக்கும்போது புதுப் பெயிண்டும் பெயர்ந்து வந்துவிடும். செயின்ட் பால் நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு உப்புத்தாள் மாதிரி கொடுக்கப் போன 3எம் கம்பெனி ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, பெயிண்டர்கள் இதற்காகத் திட்டித் தீர்ப்பதைக் கேட்டார். அதற்கென்றே முயன்று 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தார். பிடிக்க வேண்டும், ஆனால் பெயிண்டை விட்டுவிட்டு வரவும் வேண்டும். அந்தச் சமநிலைதான் அவருடைய கண்டுபிடிப்பு. நாம் எதிர்கொள்வது அந்தச் சமநிலை கெட்டுப்போன பசை.

ஏன் கெடுகிறது? ஸ்டிக்கர் பசை அழுத்தினால் ஒட்டும் ரகம். அது பாதி திரவம், பாதி திடம். பரோட்டா மாஸ்டர் கையிலிருக்கும் மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். பசையும் அப்படியே. மாதக்கணக்கில் அது மெல்ல வழிந்து பெயிண்டின் நுண்ணிய பள்ளங்களில் இறங்கிவிடும். நம் ஊர் கோடை வெயிலில் கறுப்பு பானெட் 60, 70 டிகிரி செல்சியஸுக்கு எளிதாகப் போகும். தினமும் இந்தச் சூட்டில் வெந்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் நொறுங்கிப்போய், பசை மட்டும் கெட்டியாக நிற்கும். அதுதான் "என்ன பண்ணாலும் போகல" என்கிற பசை.

பலாப்பழம் சொல்லும் பாடம்

பலாப்பழம் வெட்டும்போது பாட்டி கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பலாப் பாலைத் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. எண்ணெய் தொட்டால் போய்விடும். "இனம் இனத்தோடு சேரும்" என்பதுதான் கெமிஸ்ட்ரி. ஒரு பொருள் தன்னைப் போன்ற இயல்புள்ள கரைப்பானில்தான் கரையும்.

இந்த "இன"த்தை எண்ணாகச் சொல்ல ஜோயல் ஹில்டபிராண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். கரைதிறன் எண் என்று வைத்துக்கொள்வோம். அலகைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். தண்ணீருக்கு 48, எத்தில் ஆல்கஹாலுக்கு 26, அசிட்டோனுக்கு 20, டொலுயீனுக்கு 18, மண்ணெண்ணெய்க்கு 16 அளவில். இயற்கை ரப்பருக்கு 17 அளவில். எண்கள் நெருக்கமாக இருந்தால் கரையும், தூரமாக இருந்தால் கரையாது. ரப்பர் பசை தண்ணீருக்கு அசையாமல் மண்ணெண்ணெய்க்கு மசிவது ஏன் என்று புரிகிறதா?

இப்போது மறுபக்கம் பாருங்கள். பெயிண்டில் இருக்கும் அக்ரிலிக், நைட்ரோசெல்லுலோஸ் போன்றவற்றின் எண் 19 முதல் 21. அசிட்டோன் 20! தின்னரில் இருப்பதும் டொலுயீன், அசிட்டோன் வகையறாக்கள்தான். பசையைக் கரைக்க நாம் எடுக்கும் தின்னர், பெயிண்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் இக்கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி.

அப்படியானால் தின்னர் பட்டவுடன் எல்லா காரும் ஏன் கரைந்துவிடவில்லை? தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 140 டிகிரியில் சுடப்பட்டது. அதன் மூலக்கூறுகள் மீன்வலை மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். கரைப்பான் உள்ளே போனாலும் வலை பிரியாது. உப்பும், மென்மையாகும், பளபளப்பு போகும். ஆனால் என்.சி. என்று நாம் சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டில் பின்னல் கிடையாது. தின்னர் ஆவியானதும் காய்ந்த பெயிண்ட், தின்னர் திரும்ப வந்தால் மறுபடி கரையும். 1920களில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த "டூக்கோ" இந்த ரகம்தான். இன்றும் நம் பெயிண்டர்கள் வாயில் அந்தப் பெயர் இருக்கிறது. சின்னப் பட்டறைகளில் மலிவாக ரீ-பெயிண்ட் செய்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

கண்ணால் பார்த்தது

போன வருஷம் இன்-பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வந்தது. நீல நிறம், பானெட் முழுக்க விளம்பர ஸ்டிக்கரின் பசை. டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் அங்கிருந்த ஐ.டி.ஐ. பையனிடம், "தின்னரைப் போட்டுத் தொடைடா, அஞ்சு நிமிஷ வேல" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் தொடைத்தான். இரண்டாவது இழுப்பிலேயே துணி நீலமாகிவிட்டது. பானெட்டை எப்போதோ யாரோ என்.சி.யில் அடித்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்கு பிரைமர் தெரிந்தது.

பானெட் முழுவதும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. செலவைப் பையனின் இரண்டு மாத ஸ்டைபண்டில் பிடித்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்ற பெயிண்டர் அண்ணன் என்னிடம் சொன்னார்: "தப்பு அவன் கையில இல்ல தம்பி. சொன்ன வாயில இருக்கு. ஒரு ஓரத்துல தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." கீழே சொல்லும் செய்முறையில் பெரும்பகுதி அந்த அண்ணன் எனக்குக் கற்றுத் தந்ததுதான். காரணங்களை மட்டும் நான் புத்தகத்தில் தேடிச் சேர்த்திருக்கிறேன்.

செய்முறை

1. நிழலில் நிறுத்துங்கள். சூடான தகட்டில் கரைப்பான் வேலை செய்வதற்கு முன்பே ஆவியாகிவிடும். காலை நேரம் நல்லது. அந்த இடத்தை முதலில் ஷாம்பூ தண்ணீரால் கழுவி மண்ணைப் போக்குங்கள். மண் துகள் மேல் துணியைத் தேய்ப்பதும் உப்புத்தாளைத் தேய்ப்பதும் ஒன்றுதான்.

2. சோதனை. எந்தக் கரைப்பானை உபயோகிக்கப் போகிறீர்களோ, அதில் ஒரு சொட்டை வெள்ளைப் பனியன் துணியில் எடுத்து, அதே பேனலின் கீழ் ஓரத்தில் அரை நிமிஷம் வைத்து மெல்லத் துடைத்துப் பாருங்கள். டோர் இடுக்கில் சோதித்தால் போதாது. இடுக்கில் ஒரிஜினல் பெயிண்ட் இருக்கும், வெளியே ரீ-பெயிண்ட் இருக்கும். துணியில் நிறம் வந்தாலோ, அந்த இடம் பிசுபிசுத்தாலோ, மங்கினாலோ அந்தக் கரைப்பான் அந்த வண்டிக்கு ஆகாது. லேபில் பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள். மற்ற பேனலை விட ஒன்று மட்டும் இரட்டிப்பாகக் காட்டினால் அது ரீ-பெயிண்ட் என்று சந்தேகப்படலாம். புதிதாக அடித்த வண்டி என்றால் ஒரு மாதமாவது கரைப்பான் பக்கமே போகாதீர்கள். உள்ளே முழுதாக இறுகியிருக்காது.

3. சூடு. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். புறங்கையை வைத்து மூன்று விநாடி பொறுக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் சூடு அதிகம். டிரையர் இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிஷம் போர்த்தி வைத்தாலும் போதும்.

4. உரித்தல். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடக்கி, பாடியை ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். பரோட்டா மாவை மறக்க வேண்டாம். எழும்பாத இடத்தில் மறுபடி சூடு. கிளப்புவதற்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போன்ற பிளாஸ்டிக்தான். ஸ்டீல் பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் கூடாது.

5. ஊற வைத்தல். மிச்சப் பசைமேல் தேங்காய் எண்ணெய் அல்லது நீலகிரித் தைலம் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் ஒட்டி வையுங்கள். தைலம் தடவிய கையோடு மூக்கைத் துடைத்தால் ஜலதோஷமும் போகும் என்பது போனஸ்! மசியவில்லையென்றால் மண்ணெண்ணெய், கிடைக்காத இடத்தில் பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பண்டைன். தேய்க்கும் வேலையைக் கையிடம் கொடுக்காமல் நேரத்திடம் கொடுங்கள். ஊறிய பசை கட்டை விரலால் உருட்டினாலே திரண்டு வரும். ஒருமுறை தொடைத்த துணிப் பக்கத்தைத் திரும்ப உபயோகிக்காதீர்கள். பசை இடம் மாறுமே தவிரப் போகாது. கண்ணாடி ஓர ரப்பர் பீடிங்கில் மண்ணெண்ணெய் பட்டால் உடனே துடையுங்கள். ரப்பர் உப்பிவிடும். அதே காரணத்தால் சாதாரண ரப்பர் கையுறையும் இதற்கு உதவாது, நைட்ரைல் கையுறை வேண்டும்.

6. கழுவுதல். எண்ணெய்ப் பிசுக்கு போக ஷாம்பூ போட்டுக் கழுவி, காயவைத்து, மெழுகுப் பாலிஷ் ஒரு கை போடுங்கள். கரைப்பான் பட்ட இடத்தில் பழைய மெழுகு முழுதும் போயிருக்கும்.

எந்தப் பசைக்கு எது?

எல்லாப் பசையும் ஒன்றல்ல. சுவரொட்டி மைதா பசையும் வெள்ளை ஃபெவிகாலும் வெந்நீரில் ஊறினாலே இளகும். மலிவான ஸ்டிக்கர், பாக்கிங் டேப் போன்றவற்றில் பெரும்பாலும் ரப்பர் இனப் பசை. எண்ணெய், தைலம், மண்ணெண்ணெய்க்கு மசியும். நல்ல வினைல் ஸ்டிக்கரில் அக்ரிலிக் பசை. அதற்குச் சூடுதான் முதல் மருந்து, மிச்சத்துக்குத் தைலம் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

டோர் மோல்டிங், எம்ப்ளம் இவை இரட்டைப் பக்க ஃபோம் டேப்பில் நிற்கும். இதை நெம்பினால் தகடே அமுங்கிவிடும். சூடு காட்டிவிட்டு, தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, எம்ப்ளத்துக்கும் பாடிக்கும் நடுவில் விட்டு ரம்பம் அறுப்பது போல இழுங்கள். எம்ப்ளம் முழுசாகக் கையில் வரும். ஒட்டியிருக்கும் ஃபோமை விரலால் உருட்டி எடுத்துவிடலாம்.

ஃபெவிக்விக் சிந்திய இடமும், எம்-சீல், அரால்டைட் ஒட்டிய இடமும் வேறு சாதி. முன்னதைக் கரைப்பது அசிட்டோன். அது பெயிண்டையும் தாக்கும். பின்னதைப் பெயிண்டை விட்டுவிட்டுக் கரைக்கிற கரைப்பானே கிடையாது. இந்த இடத்தில் "முடியாது சார், பெயிண்டர்தான் பார்க்கணும்" என்று சொல்வதும் ஒரு தொழில் திறமைதான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

பெயிண்ட் போனால் திரும்ப அடிக்கலாம். பெட்ரோல் விஷயம் அப்படியல்ல. "ரெண்டு சொட்டு பெட்ரோல் போட்டுத் தொடை" என்று நம் பட்டறைகளில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். பெட்ரோலின் ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 43 டிகிரி அளவில். எந்தக் காலத்திலும், எந்த நிழலிலும் அது தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது. அதன் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது; தரையோடு ஊர்ந்து போய் ஆறடி தள்ளி இருக்கும் வெல்டிங் பொறியைத் தேடிப் பிடிக்கும். போதாக்குறைக்கு அதில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தின்னரில் இருக்கும் டொலுயீனுக்கு ஃபிளாஷ் பாயிண்ட் 4 டிகிரி, அசிட்டோனுக்கு மைனஸ் 20.

மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மே மாத வெயிலில் நம் ஊரே 40 டிகிரி! வெயிலில் நிற்கும் தகட்டின்மேல் மண்ணெண்ணெயும் ஆபத்துதான். ஆகவே சூடும் கரைப்பானும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது. முதலில் டிரையர், அதை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தகடு ஆறிய பிறகு கரைப்பான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன் 500 டிகிரிக்கு மேல் போகக்கூடியது. பிளாஸ்டிக் பம்பர் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பசை உரிக்க ரப்பர் சக்கரம் ஒன்று விற்கிறார்கள், நல்ல சாமான். ஆனால் அதன் உச்ச வேகம் நிமிஷத்துக்கு 4000 சுற்று அளவில்தான் இருக்கும், சக்கரத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை 11,000 சுற்றில் ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டினால் பெயிண்ட் கருகும், சக்கரமும் சிதறி முகத்தில் அடிக்கலாம்.

பேய் உருவம்

எல்லாம் சரியாகச் செய்தும் சில வண்டிகளில் ஸ்டிக்கரின் உருவம் அப்படியே தெரியும். பசை இன்னும் இருக்கிறது என்று நினைத்து மேலும் மேலும் தேய்ப்பார்கள். அது பசை அல்ல. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாததால் அங்கே பெயிண்ட் புதுசாகவே இருக்கிறது, சுற்றிலும்தான் வெளுத்திருக்கிறது. மெல்லிய பாலிஷ் போட்டால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். இதைக் கஸ்டமரிடம் வேலையை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் விளக்கம். பின்னால் சொன்னால் சாக்கு.

முடிவாக

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாம் பெரும்பாலும் உட்காரப்போவது சூப்பர்வைசர் நாற்காலியில். துணியைப் பிடிப்பது வேறொரு கை. நாம் அவசரத்தில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அந்தக் கையின் சொந்தக்காரன் சம்பளத்தை இழக்கலாம், தோலையும் இழக்கலாம். "அஞ்சு நிமிஷ வேல" என்று சொல்வதற்கு முன் அது என்ன பசை, என்ன பெயிண்ட், எதைத் தொட்டுப் பார்த்தோம் என்ற மூன்று கேள்விகளை நம்மிடம் நாமே கேட்டுக்கொள்வோம். கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நம் ஒர்க்‌ஷாப்பின் பின்புறம் கிடக்கும் பழைய டோர்களில் வேண்டிய மட்டும் ஸ்டிக்கர் இருக்கிறது. வாருங்கள், அதில் பழகுவோம். தேங்காய் எண்ணெய் என் செலவு!